பித்தளை ஸ்க்ரூ போட்ட மூடி

மூடச் சொன்னார்கள். மூட மாட்டேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நான் நின்றால், "அதோ, மில்லை நிறுத்திப் போட்ட பொம்பளை" என்று யாராவது யாருக்காவது காட்டுகிறார்கள். ஏதோ உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளைக் காட்டுகிற மாதிரி. காட்டட்டும், எனக்கென்ன! நடந்ததை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

நான் எலெக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்து, வயர்மேன் லைசென்ஸ் வாங்கியவள். உப்பளத்தை ஒட்டிய ஒரு பாக்கிங் ஷெட்டில் ஆறு வருடமாக வேலை. கல்லுப்பை அரைத்து, அயோடின் தெளித்து, ஒரு கிலோ கவரில் அடைத்து லாரி ஏற்றுகிற இடம் அது. சேர்ந்த புதிதில் மூட்டை தூக்குகிற ஒருவன், "ஏணி மேல பொம்பளை ஏறி நின்னா கீழ நாங்க எப்படிம்மா வேலை பாக்கறது?" என்று கேட்டான். "கீழ பாத்து வேலை செய்" என்றேன். அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் என் ஏணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் காற்றுக்கும் இரும்புக்கும் ஜென்மப் பகை. வீட்டு கேட் இரண்டு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். செம்பு வயரைச் சீவி மோட்டாரில் மாட்டினால், அடுத்த மழைக்குள் முனை பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிரும். அப்போது என்ன செய்ய வேண்டும்? வயரை முழுசாக உருவிப் போட்டுவிட்டு, பேனலிலிருந்து மோட்டார் வரைக்கும் புது வயர் இழுக்க வேண்டும். யார் இழுத்தார்கள்? யாரும் இழுக்கவில்லை. நானும் இழுக்கவில்லை. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மெயின் சுவிட்சும் ஃபியூஸும் இருக்கிற பேனல் ஷெட்டின் ஒரு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து எல்லா மெஷினுக்கும் போகிற வயர்கள், சுவரோரமாக ஒரு நீளத் தகரப் பெட்டிக்குள் ஓடுகின்றன. இரண்டு அங்குல உயரம், இரண்டு அங்குல அகலம். டிரங்கிங் என்போம். அதன் மேல் வரிசையாக மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் நான்கு இரும்பு ஸ்க்ரூ. அவை எல்லாம் துருப்பிடித்துத் தகரத்தோடு ஒட்டிப்போய் வருடக்கணக்காகிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் தலை மட்டும் பிஸ்கட் மாதிரி பொடிந்து வரும். ஆனால் நடுவில் ஒரே ஒரு மூடிக்கு மட்டும், எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் பித்தளை ஸ்க்ரூ போட்டு வைத்திருந்தான். அது மட்டும் எப்போது தொட்டாலும் திறக்கும்.

திறக்கிற மூடி ஒன்றே ஒன்று என்றால் மனுஷன் என்ன செய்வான்? மோட்டார் பக்கம் வயர் கெட்டுப்போனதா, பித்தளை மூடியைத் திற. பேனலிலிருந்து வரும் நல்ல பாதியை அங்கே வெட்டு. புதுத் துண்டு ஒன்றை அதோடு முறுக்கு, டேப் சுற்று, மோட்டாருக்கு இழுத்துவிடு. செத்துப்போன பழைய துண்டை உருவ முடியாது, அது உள்ளேயே கிடக்கட்டும். மூடு. அரை மணி நேர வேலை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஜாயின்ட் போட்டால் நாளைக்குத் திறந்து பார்க்கக் கூடிய இடத்தில் போட வேண்டும் என்றுதானே பாடம்? எல்லோரும் பாடத்தில் இருக்கிறபடிதான் செய்தோம். எல்லோரும் ஒரே அடி நீளத்தில் செய்தோம் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த மூடிக்கு நேர் கீழேதான் என் தங்கை உட்கார்ந்திருப்பாள்.

கவரின் வாயைச் சூடு வைத்து ஒட்டுகிற சீலிங் மெஷின் அவளுடையது. ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, காலடியில் பிளாஸ்டிக் கவர் கட்டுக் கட்டாக. நான்தான் முதலாளியிடம் சொல்லி அவளை அந்த வேலையில் சேர்த்தேன். உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரி அவள் உள்ளங்கால் வெடித்துக் கிடந்தது. ஷெட்டில் நிழல் உண்டு, ஃபேன் உண்டு என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அந்த ஸ்டூலில் உட்காரவைத்தவள் நான்.

போன பொங்கல் கழிந்த வாரம், ஷெட்டுக்குப் புது அரவை மில் வந்தது. பாத்தியில் புது உப்பு எடுக்க ஆரம்பிப்பதற்குள் அது ஓடியாக வேண்டும் என்று முதலாளி தரையில் கால் வைக்காமல் பறந்துகொண்டிருந்தார். அந்த மோட்டாருக்குப் பேனலிலிருந்து ஆறு வயர் போக வேண்டும்.

"டிரங்கிங்லயே விட்டுடும்மா. சாயங்காலம் சுவிட்ச் போட்டுடலாம்" என்றார்.

காலையில் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஏணியைப் போட்டேன். பித்தளை ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசி ஸ்க்ரூவுக்கு முன்பே மூடி தானாக எகிறியது. உள்ளே அமுங்கிக் கிடந்த வயர் கொத்து பொதபொதவென்று வெளியே பிதுங்கித் தொங்கியது. அத்தனையும் ஜாயின்ட். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். எண்ணினேன், இருபத்தெட்டு. திரும்ப உள்ளே தள்ளிப் பார்த்தேன். போகவில்லை. இதை இத்தனை நாளாக எப்படி மூடிவைத்திருந்தோம் என்று எனக்கே புரியவில்லை. நானேதான் நாலு மாதம் முன்னால் முஷ்டியால் அழுத்தி மூடினேன்.

கொத்துக்கு நடுவில் ஒரு ஜாயின்ட்டின் டேப் பழுப்பேறி, உருகி, பக்கத்து ஜாயின்ட்டோடு ஒட்டியிருந்தது. மற்ற எலெக்ட்ரீஷியன்கள் எல்லாம் கறுப்பு டேப் சுற்றுவார்கள். நான் ஒருத்திதான் வெள்ளை. என் வேலை எதுவென்று தனியாகத் தெரிய வேண்டும் என்கிற திமிர். பழுப்பேறியிருந்தது வெள்ளை டேப்.

அப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜாயின்ட்டை விரலால் உள்ளே தள்ளி, மேலே நாலு கறுப்பு டேப் ஜாயின்ட்டை இழுத்து மறைத்தேன். ஏணியில் நின்றபடி கீழே பார்த்தேன். தங்கை கவரை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் முன்னால் அவள் என்னிடம், "அக்கா, மேல ஏதோ கருகற மாதிரி வாசனை வருது பாரேன்" என்று சொன்னாள். "உன் மெஷின்ல பிளாஸ்டிக் சுடுற வாசனைடி அது" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கீழே இறங்கி முதலாளியிடம் போனேன். "இதுல இனிமே ஒரு வயர் கூட போகாதுங்க. இப்ப இருக்கறதே அதிகம். பழசு எல்லாத்தையும் உருவிட்டு, ஜாயின்ட் இல்லாம புதுசா இழுக்கணும். புது மில்லுக்குத் தனி பைப்பு."

"எத்தினி நாளு?"

"மூடி எல்லாம் வெட்டி எடுக்கணும். ரெண்டு மூணு நாளு ஆகும்."

அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "இன்னாம்மா விளையாடறியா? இத்தினி வருஷமா ஓடுது. இன்னா ஆயிப்போச்சு? ஆறு வயரை உள்ள சொருகறதுக்கு நாள் கணக்கு சொல்ற!"

"மூட முடியாதுங்க முதலாளி."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு பேனலுக்குப் போய் மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். யாராவது நான் இல்லாத நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். தயிர் சாதத்தோடு ஃபியூஸ் கட்டை வைத்திருந்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஷெட்டில் வேலை நின்றுபோனதும் பெண்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாக்கா, உன் தங்கச்சி தலைக்கு மேல மட்டும்தான் கரன்ட் ஓடுதா? எங்க தலைக்கு மேல மோரா ஓடுது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா மானத்தை வாங்கற? அவர் சொல்றபடி மூடிட்டுப் போயேன். உன்னை அனுப்பினா என்னையும்தான் அனுப்புவாரு. மறுபடியும் என்னைப் பாத்திக்கு அனுப்பப் போறியா?"

"அந்த மூடிக்குக் கீழ உட்காரப் போறது நீடி."

"இத்தினி நாள் உட்கார்ந்தேன் இல்ல? இன்னும் கொஞ்ச நாள் உட்கார்றேன். வுடு."

கருகிய ஜாயின்ட்டைக் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்திருக்கும். காட்டினால் அது என்னுடையது என்பதும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய் அது. அரை நாள் பேசாமல் இருந்தது.

மதியத்துக்கு மேல் முதலாளி ஒரு பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். வளைகுடாவில் இருபது வருடம் பெரிய பெரிய கம்பெனிகளில் வயரிங் ஃபோர்மேனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "பாய் பாக்காத டிரங்கிங்கா? அவர் மூடிக் காட்டுவாரு, நீ பாத்துக் கத்துக்கோ" என்றார் முதலாளி.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார், நான் கீழே பிடித்துக்கொண்டேன். தொங்குகிற கொத்தைப் பார்த்ததும் "யா அல்லா" என்றார்.

"இன்னா பாய்?" என்றார் முதலாளி கீழேயிருந்து.

பாய் என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏம்மா, இன்னிக்கு ஒரு கட்டையை வெச்சுத் தட்டி மூடிடலாம்மா. சீசன் முடிஞ்சதும் நிதானமா வேலை செஞ்சுக்கலாம். முதலாளிகிட்ட ஏன் வம்பு?"

"நீங்க அங்க இருந்தப்ப இப்படித்தான் கட்டை வெச்சுத் தட்டினீங்களா பாய்?"

அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். "அங்க இப்படி மூடினா அன்னிக்கே டிக்கெட் குடுத்து ஊருக்கு அனுப்பிடுவான். அங்க ரூல் புக்குல எழுதி வெச்சிருக்கான். இந்த மாதிரி டப்பாவுல வயரு அஞ்சுல ஒரு பங்கு இடத்தைத்தான் அடைக்கலாம். ஜாயின்ட் வர்ற இடத்துல மட்டும், வயரு, ஜாயின்ட்டு, டேப்பு எல்லாம் சேர்த்து முக்கால் வரைக்கும் வுடுவான். முக்காலுக்கு மேல ஒரு நூல் போனாலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மாட்டான். வயர்ல வர்ற சூடு வெளிய போக எடம் வேணும் இல்ல?"

"இது எவ்வளவு இருக்கும்?"

பாய் கொத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "இதுவா... ஒன்னே கால் இருக்கும்மா."

நான் சத்தமாகவே கேட்டேன், ஷெட்டில் இருக்கிற எல்லோருக்கும் காதில் விழட்டும் என்று. "அப்ப அங்க டப்பாவுக்குக் கீழ வேலை செய்யறவன் உசுருக்கு ஒரு அளவு, இங்க கீழ உட்கார்றவ உசுருக்கு ஒரு அளவா பாய்? நமக்கு மட்டும் ஒன்னே காலா?"

பாய் கொத்துக்குள் விரலைவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாக விலக்கிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் ஒளிக்க முடியாது. பழுப்பேறிய ஜாயின்ட்டை அவர் வெளியே எடுத்தார். ஒட்டியிருந்ததைப் பிய்த்தபோது டேப் உரிந்து, உள்ளே செம்பு கறுத்துப்போய்த் தெரிந்தது.

"வெள்ளை டேப்பு. இது யார் போட்டது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் தேவையே இல்லை. என் இடுப்புப் பையில் வெள்ளை டேப் தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவனிலிருந்து முதலாளி வரை எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். என் தங்கை மட்டும் என் முகத்தைப் பார்த்தாள்.

முதலாளி சிரித்தார். இந்த ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அட்ராசக்கை! நீ போட்ட ஜாயின்ட்டுதான் கருகியிருக்கா? தப்பை நீ பண்ணிட்டு, என் மில்லை நிறுத்தறியா? உன்னுதை மட்டும் சரி பண்ணிட்டு, மூடிட்டுக் கிளம்பு. நான் ஒன்னும் கேட்கலை. மன்னிச்சு வுட்டேன்."

மன்னித்துவிட்டாராம்! தலை குனிந்து, என் ஜாயின்ட்டை வெட்டி எறிந்து, புதிதாக முறுக்கி, மூடிவிட்டு இறங்கியிருக்கலாம். வேலையும் இருந்திருக்கும், தங்கையின் ஸ்டூலும் அங்கேயே இருந்திருக்கும். அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"ஆமாங்க. என்னுதுதான்" என்றேன். "காலைலயே பாத்தேன். பாத்துட்டு மறைச்சேன். அதுவும் என் தப்புதான். ஆனா கேட்டுக்கோங்க முதலாளி. அந்த ஜாயின்ட்டை நான் ஒழுங்காத்தான் போட்டேன். முறுக்கி, இறுக்கி, மூணு சுத்து டேப் சுத்தினேன். ஒழுங்கா போட்டதே உள்ள நெருக்கத்துல வெந்துபோச்சு. ஒழுங்கா போடாதது இந்தக் கொத்துல எத்தினி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தட்டி மூட மாட்டேன். என்னை அனுப்பிட்டு வேற யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. இந்த மூடிக்குக் கீழ யாரு உட்காரப் போறாங்கன்னு மட்டும் முதல்ல முடிவு பண்ணிக்குங்க."

அப்புறம் தங்கை பக்கம் திரும்பினேன். "நீ சொன்னியேடி, கருகற வாசனைன்னு. உன் மெஷின் இல்லடி அது. இதுதான்."

அவள் தலையைத் தூக்கி மேலே தொங்கிய கொத்தைப் பார்த்தாள். காலடியில் இருந்த கவர் கட்டுகளைப் பார்த்தாள். சீலிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றி வைத்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய், சுடுகிற வெயிலில் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மோர் ஓடுதா என்று கேட்டாளே, அவள் அடுத்து ஸ்டூலைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். எதிரே போகும்போது ஒருத்தி மட்டும் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுப் போனாள், பாராட்டினாளா கோபித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலாளி வாசலைப் பார்த்தார். அவ்வளவு பேர் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தால் யாரை வைத்து உப்பை அடைப்பது? பாய் ஏணியிலிருந்து இறங்கி, லுங்கியை இறக்கிவிட்டு, "முதலாளி, நான் மூடித் தரேன்னுதான் வந்தேன். இப்ப என்னாலயும் முடியாதுங்க. இந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அப்புறம், "செஞ்சு தொலை" என்றார்.

செய்து தொலைத்தேன். துருப்பிடித்த ஸ்க்ரூக்களை உளி வைத்து வெட்டி ஒவ்வொரு மூடியாகக் கழற்றினோம். பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து கூடவே நின்று வயர் இழுத்தார். எந்த வேலைக்கும் போகாமல் உள்ளே கிடந்த வயர், ஓடுகிற வயரைவிட அதிகமாக இருந்தது. உருவி முற்றத்தில் போட்டால் ஒரு ஆள் உயரம் வந்தது. பேனலிலிருந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரே நீளமாக, நடுவில் ஒரு ஜாயின்ட் கூட இல்லாமல் புது வயர் போட்டேன். புது மில்லுக்குத் தனிப் பைப்பு. எல்லா மூடிக்கும் பித்தளை ஸ்க்ரூ. கடைசியில் அந்த நடு மூடியை வைத்தபோது ஒரு விரலால் அழுத்தினேன், உட்கார்ந்துகொண்டது. டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்த ஃபியூஸ் கட்டைகளை எடுத்து மாட்டினேன். ஒன்றில் தயிர் பட்டிருந்தது, முந்தானையால் துடைத்தேன்.

மில் ஓடியது. பெண்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தங்கை அதே இடத்தில் உட்கார்ந்தாள். உட்காரும் முன் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். பிறகு கவரை எடுத்து வாயை ஒட்ட ஆரம்பித்தாள்.

முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். மில்லைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன்னால எனக்கு மூணு நாள் போச்சு."

நான் தங்கையின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க முதலாளி" என்றேன். "மூணு நாள்தான் போச்சு."